தெரு மணத்தின் கணக்கு

ஒரு தெருவில் என்னென்ன வாடை அடிக்கிறது என்று அங்கேயே குடியிருப்பவரிடம் கேட்டால், "ஒன்றும் இல்லையே" என்பார். அது பொய்யல்ல. ஒரே மணம் விடாமல் பட்டுக்கொண்டிருந்தால், சில நிமிடங்களிலேயே மூக்கின் ஏற்பிகளும் மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மாற்றம்தான் மூக்குக்குச் செய்தி. நகரத்து மணங்களை ஆராய்பவர்கள் ஓரிடத்தில் உட்காராமல் நடந்துகொண்டே முகர்வது இதனால்தான்.

இந்த 'வாசனை நடை'க்குப் பத்துப் பேருக்குள் போதும். கடைத்தெரு, பூங்கா, பேருந்து நிறுத்தம், சந்து என்று மாறிமாறி வரும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பாதையாக இருந்தால் நல்லது. புறப்பட அரைமணி முன்பிருந்தே காபி, சிகரெட், சூயிங்கம் கூடாது. சென்ட் பூசிக்கொண்டு வருபவர் எல்லாருடைய குறிப்பையும் கெடுப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் சும்மா மூச்சு விட்டு, தானாக வந்து சேர்வதை எழுத வேண்டும். பிறகு இலையைக் கசக்கியும் சுவரோரம் குனிந்தும் தேடி முகர வேண்டும். என்ன மணம், காட்டம் எவ்வளவு (1 முதல் 7 வரை), பிடித்ததா, எதிர்பார்த்ததா, எவ்வளவு நேரம் நின்றது என்று ஐந்து கட்டங்கள்.

கூடவே நேரம், வெப்பநிலை, காற்றின் திசை. இவை இல்லாத தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். காற்றடிக்காத விடிகாலையில் தரையோரக் குளிர்காற்று மேலெழாமல் கிடக்கும். சாக்கடை வாடை தெருவிலேயே தேங்கும். வெயில் ஏறியதும் அதே வாடை மேலே போய்க் கலைந்துவிடும். இன்னொரு வழக்கமான கோளாறு பேச்சு. ஒருவர் "பேக்கரி" என்று வாய்விட்டால் போதும், மற்றவர்களுக்கும் ரொட்டி மணக்கத் தொடங்கிவிடும். எழுதி முடிக்கும்வரை மௌனம்தான்.

ஊர்களின் மணங்களை வரைபடமாக்கும் பிரிட்டன் கலைஞர் கேட் மெக்லீன் 2013 வசந்தத்தில் ஆம்ஸ்டர்டாமில் 44 பேரைக் கொண்டு இப்படி நடத்தியதில் 650 மணங்கள் பதிவாயின. கால்வாயும் கஞ்சாவும் முன்னே நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரைபடத்தில் இடம்பிடித்தவையோ வாஃபிளின் சூடான இனிப்பு, மசாலா, ஊறவைத்த ஹெர்ரிங் மீன், சலவைத் துணி, பழைய புத்தகம்.

குப்பைக் கிடங்கு போன்ற இடங்களில் வழக்கு, அபராதம் என்று வரும்போது இந்த நடை போதாது. அங்கே வாடையை அளக்கும் ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 13725. காற்றை மணமற்ற பிளாஸ்டிக் பையில் பிடித்து 30 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அதில் சுத்தமான காற்றைக் கலந்து நீர்க்கச் செய்து, குறைந்தது நான்கு பேர் முகர்வார்கள். அவர்களில் பாதிப்பேருக்கே வாடை எட்டும் அளவுக்கு நீர்க்கச் செய்தது 1,000 மடங்கு என்றால், அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 1,000 வாடை அலகுகள். முகர்பவர்களையும் என்-பியூட்டனால் என்ற ஆல்கஹால் வகை வேதிப்பொருளை முகரவைத்துச் சோதித்தே எடுப்பார்கள். மிகக் கூர்மையான மூக்குக்கும் இங்கே இடமில்லை.

நறுமணம் தெளித்துத் தெருவைத் திருத்திவிடலாம் என்ற ஆசை பழையது, பெரும்பாலும் வீண். ஒரு மணம் இன்னொன்றை அழிப்பதில்லை, மேலே ஏறி உட்காருகிறது, அவ்வளவே. மூக்கு நறுமணத்துக்குப் பழகியதும் அடியிலிருந்த நாற்றம் மறுபடி தலைதூக்கும். சான் பிரான்சிஸ்கோவில் 2006இல் பால் விளம்பரத்துக்காகப் பேருந்து நிறுத்தங்களில் பிஸ்கட் வாசனைப் பட்டைகளை ஒட்டினார்கள். ஒவ்வாமை வரும் என்று புகார்கள் குவிந்து, உடனே அகற்றப்பட்டன.

பூமரமும் இதே வம்பைத் தரும். ஏழிலைப்பாலை ஒன்றிரண்டு நின்றால் இரவு மணம் சுகம். வரிசையாக நட்டால் தலைவலி. ஹனோயில் ஏரிக்கரைச் சாலை ஒன்றில் நெருக்கமாக நட்ட மரங்களைப் பற்றிக் குடியிருப்பவர்கள் முறையிட, 2018இல் ஏறத்தாழ நூறு மரங்களைப் பெயர்த்து நகரின் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய் நட்டார்கள்.

பலன் தருவது மூலத்தை அடைப்பதுதான், அதிலும் அரைகுறை வேலை செல்லாது. நாம் உணரும் காட்டம் செறிவுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. வாயுவைப் பாதியாக்கினாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது, பத்தில் ஒன்றாக்கினால்தான் "கொஞ்சம் பரவாயில்லை" என்பார்கள். மலிவாகச் சரிசெய்யக்கூடியது தரை வடிகாலின் 'டிராப்', அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு. அதில் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நின்று சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. புழங்காத வடிகாலில் கோடையில் அது வற்றிவிடும். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். நீண்ட நாள் பூட்டிவைப்பதாக இருந்தால் மேலே சிறிது சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும்.

ஆள் இறங்கும் சாக்கடைக் குழியில் மட்டும் மூக்கை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் முகரும் திறனையே முடக்கிவிடும். வாடை நின்றுபோவது அங்கே ஆபத்து கூடியதன் அடையாளமாகவும் இருக்கலாம். அங்கே வாயுமானி காட்டுவதே கணக்கு.