செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்: இதில் பாதி எது?

நம் வீடுகளில் 'செமி ஆட்டோமேட்டிக்' என்றதும் நினைவுக்கு வருவது துப்பாக்கி இல்லை, வாஷிங் மெஷின். இரண்டு தொட்டி இருக்கும். ஒன்றில் துணி துவையும். அது நின்றதும் நாம்தான் ஈரத்துணியை அள்ளிப் பக்கத்துத் தொட்டியில் போட்டு, மேலே அந்த வட்டத் தட்டை அமுக்கி வைத்து, பிழிய விட வேண்டும். இங்கிருந்து அங்கே மாற்றுகிற வேலை நம் தலையில் விழுவதால்தான் அது 'செமி'. அந்த வேலையும் இல்லையென்றால் 'ஃபுல்லி'. விலையும் கூடுதல்.

இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அமெரிக்க மான் வேட்டையைப் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். பென்சில்வேனியா மாநிலத்தில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் மானைச் சுடக்கூடாது என்று ஒரு வரி. கை பழக்கத்தில் 'அரைத்தானியங்கித் துப்பாக்கி' என்று எழுதிவிட்டேன். மறுபடி படித்துப் பார்த்தால், பாதியில் நின்றுபோகும் பழுதான துப்பாக்கி மாதிரி இருந்தது. தமிழில் 'அரை' ஒட்டினாலே அந்தச் சிக்கல்தான். அரைகுறை, அரைவேக்காடு, அரைக்கிறுக்கு என்று அதன் சுற்றம் அப்படி. அதைவிடப் பெரிய கோளாறு வேறு. வாஷிங் மெஷினில் எந்த வேலை நம் கைக்கு வருகிறதோ, இந்தத் துப்பாக்கியில் அதே வேலையைத்தான் இயந்திரம் செய்கிறது. சொல் ஒன்று, பொருள் தலைகீழ்.

நவம்பர் கடைசி. பென்சில்வேனியாக் காடு. தலையிலும் மார்பிலும் முதுகிலுமாகச் சேர்த்து 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளீரென்ற ஆரஞ்சுத் துணி அணிந்த ஒருவர் மரத்தோடு ஒட்டி நிற்கிறார். (ஆரஞ்சு, மற்ற வேட்டைக்காரர்கள் அவரை மான் என்று நினைத்துவிடாமல் இருக்க. மானுக்கு அந்த நிறம் நம் கண்ணுக்குப் போல எடுப்பாகத் தெரியாது.) கையில் இருப்பது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். போல்ட் என்றால் கதவுத் தாழ்ப்பாள்தான். வேலை செய்கிற விதமும் அச்சு அசல் அதுவே. சுட்டதும் வலக்கை விசையை, அதாவது டிரிகரை, விட்டு வர வேண்டும். பக்கத்துப் பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால், சுட்டு முடிந்த பித்தளைக் கூடு சூடாகத் துள்ளிக் காய்ந்த சருகில் விழும். பிடியை முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். பிடியைக் கீழே இறக்கினால் தாழ் விழுந்தது என்று பொருள். அப்புறம்தான் அடுத்த குண்டு. நான்கு அசைவு. பழகியவருக்கு ஓரிரு நொடி. ஆனால் அந்த இடைவெளியில் தூரக்கண்ணாடி குறியிலிருந்து விலகிவிடும், மானும் சும்மா நிற்காது.

செமி ஆட்டோமேட்டிக்கில் இந்த நான்கு அசைவும் கையை விட்டுப் போய்விடுகிறது. குண்டைத் தள்ளிக்கொண்டு போகும் வெடிவாயுவில் கொஞ்சத்தைக் குழலில் உள்ள ஒரு சிறு துளை வழியாகத் திருப்பிவிட்டால், அது ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளும். தண்டு தாழைத் திறந்து பழைய கூட்டை வெளியே எறியும். எதிரே இருக்கும் சுருள்வில் தாழைத் திரும்ப முன்னால் தள்ளும்போது புதுத் தோட்டா உள்ளே போய்விடும். வாயுவே இல்லாமல், சுடும்போது பின்னால் உதைக்கும் உந்துதலை வைத்து இதைச் செய்யும் வகைகளும் உண்டு. எதுவானாலும் மனிதனுக்கு மிச்சம் இருப்பது ஒரே வேலை: விசையை இழுப்பது. ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. விரலை விட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்தது. விரலை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருப்பது முழுத் தானியங்கி, போர்க்களத்து இயந்திரத் துப்பாக்கி வகை. அதற்கும் மான் வேட்டைக்கும் சம்பந்தமில்லை.

ஆக, 'செமி' என்பது இந்த மிச்சத்தைக் குறிக்கிறது. இலத்தீனில் அதற்குப் பாதி என்று பொருள். 'ஆட்டோமேட்டிக்' கிரேக்கத்திலிருந்து வந்தது, தானாக இயங்குவது. வேர்ச்சொல் விளக்கம் இவ்வளவுதான். சுவையான சங்கதி இதற்குப் பிறகு இருக்கிறது. இந்த வகை ரைஃபிள்கள் அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் முதன்முதல் வந்தபோது அவற்றின் பெயரில் 'செமி' கிடையாது. வின்செஸ்டர் நிறுவனம் 1905இல் கொண்டுவந்த மாதிரியின் பெயர் 'செல்ஃப் லோடிங்'. ஜான் பிரௌனிங் வடிவமைத்து ரெமிங்டன் 1906இல் விற்கத் தொடங்கிய மான் ரைஃபிளின் பெயர் 'ஆட்டோலோடிங்'. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: தானே தோட்டா ஏற்றிக்கொள்வது. பாதி, முழுசு என்ற கணக்கே இல்லை. செய்கிற வேலையைச் சொல்லியே பேர் வைத்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் கைத்துப்பாக்கி விற்றவர்கள் மட்டும் இதே வகையை வெறும் 'ஆட்டோமேட்டிக்' என்றே கூவி விற்றார்கள். கோல்ட் (Colt) நிறுவனத்தின் 45 கைத்துப்பாக்கிக்கான தோட்டாவின் பெயரில் இன்றும் அந்த 'ஆட்டோமேட்டிக்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசையைப் பிடித்திருந்தால் பொழிந்துகொண்டே இருக்கும் துப்பாக்கிகள் பெருகிய பிறகு, இது எது அது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. 'செமி' நிலைத்தது அப்படி. நிலைத்தும் குழப்பம் தீரவில்லை. பிரௌனிங் பெயரிலேயே இரண்டு 'பி.ஏ.ஆர்.' (பிரௌனிங் ஆட்டோமேட்டிக் ரைஃபிள்) உண்டு. 1918இல் வந்தது முழுத் தானியங்கிப் போர் ஆயுதம். 1967இல் வந்தது செமி ஆட்டோமேட்டிக் வேட்டை ரைஃபிள். பெயரை மட்டும் படித்துவிட்டு மொழிபெயர்ப்பவன் கதி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் 'ஏ.ஆர். 15' என்ற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளின் பெயரில் உள்ள ஏ.ஆர். கூட தானியங்கியையோ தாக்குதலையோ குறிப்பதில்லை. அது ஆர்மலைட் என்ற நிறுவனப் பெயரின் சுருக்கம்.

சரி, ரைஃபிளுக்கு வருவோம். பிரெஞ்சில் 'ரிஃப்ளே' என்றால் சுரண்டு, கீறு. குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளம் கீறிய துப்பாக்கியை 'கீறிய துப்பாக்கி' என்று சொல்லப்போய், காலப்போக்கில் துப்பாக்கி உதிர்ந்து கீறல் மட்டும் பெயராக நின்றுவிட்டது. எதற்குக் கீறுகிறார்கள்? பம்பரம் சுற்றும்வரைதான் நிமிர்ந்து நிற்கும். குண்டும் அப்படித்தான். சுருள் பள்ளம் அதைச் சுழற்றி அனுப்புவதால் அலையாமல் நேரே போகிறது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பேர்போன தேர்ட்டி ஆட் சிக்ஸ் ரைஃபிளில் பொதுவாக 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று.

இந்தப் பள்ளத்துக்கு நம்மிடம் சொல் இல்லையா என்று கேட்டால், எந்த லேத் பட்டறையிலும் பதில் இருக்கிறது: மரை. திருகாணிக்கும் குழாய்க்கும் போடுகிற சுருள் வெட்டு. எண்ணெய் சொட்டச் சொட்ட உளி இரும்பைச் சுற்றி நகர, சுருள் சுருளாகப் பிசிர் உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு ரைஃபிள் குழலின் உட்புறத்தை விளக்கவே வேண்டாம். ஒரு வித்தியாசம் உண்டு. திருகாணியின் மரை நெருக்கமாகச் சுற்றும், ரைஃபிளின் மரை சோம்பலாக நீண்டு திரும்பும். ஆகவே ரைஃபிளை 'மரைகுழல் துப்பாக்கி' என்றால் பொருள் பிசகாது. சிலர் எழுதும் 'சுழல் துப்பாக்கி' இங்கே ஆகாது. அது ரிவால்வருக்குப் போய்விட்ட பெயர், அங்கே சுழல்வது தோட்டா உருளை.

இதில் ஒரு வேடிக்கை. மரை என்றால் மானும்கூட. சங்கப் பாட்டுகளில் வரும் மரை அதுதான். தமிழ்நாட்டில் நாம் கடமான், மிளா என்று சொல்லும் பெரிய மானை இலங்கையில் இன்றும் மரை என்றே சொல்வார்கள், 'மானும் மரையும்' என்று சேர்த்தே சொல்வார்கள். 'மரைத் துப்பாக்கி' என்று ஒருவர் எழுதினால் ரைஃபிளா, மான் சுடும் துப்பாக்கியா என்று இரண்டு வழியிலும் படிக்கலாம். இரண்டு மரைக்கும் உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல்.

மான் பக்கம் போனதால் இன்னொன்று. ஆங்கிலத்தின் 'டீர்' பழைய காலத்தில் எந்த விலங்கையும் குறித்தது. அதன் உடன்பிறப்பான ஜெர்மன் 'டீர்' இன்றும் விலங்கு என்ற பொருளில்தான் இருக்கிறது. வடமொழியின் 'மிருக'வும் காட்டு விலங்கு, மான் என்ற இரண்டு பொருளையும் சுமக்கிறது. நாம் மிருகம் என்றால் விலங்கு என்கிறோம், மிருகசீரிடம் என்றால் மான் தலை என்கிறோம். வேட்டைக்காரனுக்கு விலங்கு என்றாலே மான்தான் போல.

துப்பாக்கிக்கு வருவோம். குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று 12ஆம் குறளிலேயே வந்துவிட்டதே என்று வம்புக்கு இழுப்பவர்களும் உண்டு. அங்கே துப்பு உணவு. மழை உணவை ஆக்குகிறது. உண்மையில் இந்தச் சொல் துருக்கி, பாரசீகப் பக்கமிருந்து படைகளோடு வந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது துபாக்கி என்றும், தமிழில் துப்பாக்கி என்றும் திரிந்தது. ஈழத்தில் துவக்கு ஆனது, சிங்களத்திலும் அதே சாயலில் புழங்குகிறது. முழுத் தமிழ்தான் வேண்டுமென்றால் சுடுகலன் இருக்கிறது. சுடும் கருவி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக அது நன்றாகவே பொருந்தும். ஆனால் நானூறு ஐந்நூறு ஆண்டு நம்மோடு குடியிருந்துவிட்ட துப்பாக்கியை வெளியே போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஈழத்துப் பேச்சில் எனக்குப் பிடித்த இரண்டு பெயர்கள் உண்டு. குழலின் வாய்வழியே மருந்தைப் போட்டு இடித்து இறுக்கும் பழைய துப்பாக்கிக்கு இடியன் துவக்கு. விலங்கு வரும் தடத்தில் கயிற்றோடு கட்டிவைத்து, தட்டினால் வெடிக்கும்படி செய்யும் பொறிக்குக் கட்டுத்துவக்கு. யாரும் அகராதியைப் பிரித்து உட்கார்ந்து வைத்த பெயர்கள் இல்லை. கை என்ன செய்கிறதோ அதையே பெயராக்கியிருக்கிறார்கள். இடிக்கிறாய், இடியன். கட்டுகிறாய், கட்டுத்துவக்கு. வின்செஸ்டரும் ரெமிங்டனும் முதலில் செய்ததும் இதையேதான்.

அந்த வழியில் போனால் நம் சொல் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது, தானேற்றி. தானியங்கிக்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டோம். இது புதுக் கருத்தும் இல்லை. நம் காவல்துறையும் படையும் பல்லாண்டு தோளில் மாட்டிய எஸ்.எல்.ஆர். என்பதன் விரிவே 'செல்ஃப் லோடிங் ரைஃபிள்'தான். மூன்று எழுத்தாகவே புழங்கியதால் உள்ளே இருக்கும் பொருளை நாம் பிரித்துப் பார்க்கவில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு மானை வேட்டையாடுவதே குற்றம் என்பதால், வேட்டை ரைஃபிள்களை வகை பிரித்துப் பேர் சொல்லும் தேவையும் நமக்கு எழவில்லை. செய்திகளில் 'தானியங்கித் துப்பாக்கி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வேட்டை நடக்கும் ஊர்களில் இந்த வகை பிரிப்பில்தான் சட்டமே நிற்கிறது. ஜெர்மன் வேட்டைச் சட்டப்படி, மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் நிரப்பிய தானேற்றியால் விலங்கைச் சுடக்கூடாது. பிரிட்டனில் 1987இல் ஹங்கர்ஃபோர்டு என்ற ஊரில் ஒருவர் பலரைச் சுட்டுக் கொன்றதற்கு அடுத்த ஆண்டே, பாயிண்ட் 22 அங்குலச் சிறு குண்டு வகை நீங்கலாகத் தானேற்றி ரைஃபிள்களைத் தடைசெய்தார்கள். அங்கே மான் சுடுபவர் தாழ்ப்பாள் ரைஃபிளோடுதான் போகிறார். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன, பலவற்றில் தோட்டா எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வர்ஜீனியாவில் கவலை வேறு: மானுக்குக் குண்டின் விட்டம் பாயிண்ட் 23 அங்குலமாவது இருக்க வேண்டும். அதனால் ஏ.ஆர். 15இல் வழக்கமாகப் போடும் பாயிண்ட் 223 தோட்டா அங்கே மானுக்கு ஆகாது. தானேற்றி என்பதற்காக அல்ல, குண்டு சிறிது என்பதற்காக.

பென்சில்வேனியா கதைதான் இதில் விசேஷம். சுருள் பள்ளமிட்ட நீண்ட வேட்டைத் துப்பாக்கி 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வேரூன்றியதே அங்கேதான். லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் அடித்தவை அவை. அப்படிப்பட்ட மாநிலம் தானேற்றி ரைஃபிளை வேட்டைக்கே அனுமதிக்காமல் வைத்திருந்தது. 2016 நவம்பரில் ஒரு சட்டம் வந்து, இனி முடிவெடுப்பது வேட்டை ஆணையத்தின் பொறுப்பு என்றது. 2017 ஜனவரியில் மானுக்கும் சேர்த்து அனுமதிக்க ஆணையம் முதற்கட்டமாக இசைந்தது. எதிர்ப்பு வந்தது. வந்த இடம்தான் வியப்பு: துப்பாக்கியே கூடாது என்பவர்களிடமிருந்து அல்ல, வேட்டைக்காரர்களிடமிருந்தே. மார்ச்சில் இறுதி முடிவு எடுத்தபோது முயல், அணில் போன்ற சிறு விலங்குகளுக்கும் கொயோட்டி, நரி போன்றவற்றுக்கும் அனுமதித்துவிட்டு, மானை ஆணையம் கழற்றிவிட்டது.

இரு பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வாயுவில் இயங்குவது தோளில் உதைப்பது குறைவு. முதல் குண்டு சரியாகப் படாமல் மான் அடிபட்டு ஓடினால், குறியிலிருந்து கண்ணெடுக்காமல் அடுத்ததைச் சுட்டு அதன் வேதனையை முடித்துவிடலாம் என்பது ஆதரிப்பவர் வாதம். அடுத்த குண்டு தயாராக இருக்கிறது என்ற நினைப்பே முதல் குண்டில் கவனத்தைக் குறைக்கும், ஆள் நிறைந்த காட்டில் அது ஆபத்து என்பது மற்றவர் வாதம். எனக்கு இரண்டாவதுதான் மனித சுபாவத்துக்குக் கிட்டத்தில் தெரிகிறது. துப்பாக்கி தொடாதவன் கருத்து, அதற்குரிய மதிப்பு கொடுத்தால் போதும்.

கடைசியில் அந்த வரியை இப்படித் திருத்தினேன்: 'பென்சில்வேனியாவில் தானேற்றி ரைஃபிளால், அதாவது செமி ஆட்டோமேட்டிக்கால், மானைச் சுடக்கூடாது.' ரைஃபிளை மரைகுழல் ஆக்கவில்லை. ஒரு வரியில் இரண்டு புதுச்சொல் வைத்தால் வாசகர் நின்றுவிடுவார். 'அதாவது' என்று ஒட்டியதை முதல் முறை மட்டும் வைத்தேன், அடுத்த பத்தியிலிருந்து வெறும் தானேற்றிதான்.