தேடலில் வரக் கூடாதா? கூகுளை உள்ளே விடுங்கள்

இணையதளத்தின் ஒரு பக்கம் தேடல் முடிவுகளில் வரக் கூடாது என்றால், பலரும் முதலில் கைவைப்பது, தேடுபொறிகள் எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில்தான். 'டிஸ்அலவ்: /சம்பளம்/' (இந்தப் பகுதிக்குள் வராதே) என்று ஒரு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அப்புறம் தேடிப் பார்த்தால் பக்கம் அங்கேயே நிற்கும்; கீழே வரவேண்டிய விவரம் மட்டும் இருக்காது.

தேடுபொறி செய்வது இரண்டு வேலை. பக்கம் பக்கமாகப் போய்ப் படிப்பது கிராலிங். தன் பட்டியலில் சேர்ப்பது இண்டெக்ஸிங். அந்த வரி தடுப்பது படிப்பதை மட்டுமே. வேறு தளத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒரு லிங்க் இருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே முகவரியை மட்டும் கூகுள் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

1994-இல் மார்ட்டெயின் கோஸ்டர் என்ற மென்பொருள் பொறியாளர் இந்த ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி ஏற்பாட்டை முன்வைத்ததே, தானியங்கி நிரல்கள் சர்வர்களைத் திணறடித்ததால்தான். ரகசியம் காப்பது அதன் வேலையே அல்ல. யார் வேண்டுமானாலும் பிரவுசரில் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கலாம். பெட்டியைப் பூட்டாமல், மேலே 'நகை' என்று எழுதி ஒட்டிய கதைதான்!

சரி, எப்படித்தான் மறைப்பது? பக்க நிரலின் ஹெட் பகுதியில், பட்டியலில் சேர்க்காதே என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' என்ற மெட்டா டேக் (திரையில் தெரியாத குறிப்பு) போட வேண்டும். பிடிஎஃப் கோப்பில் டேக் போட முடியாது. அதற்குப் பதில், கோப்போடு சேர்த்து சர்வர் அனுப்பும் 'எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக்' என்ற ஹெடர் குறிப்பில் அதையே சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், பக்கத்தைப் படித்தால்தான் கூகுளுக்கு இந்த டேக் கண்ணில் படும். பாதுகாப்புக்கு இரண்டும் இருக்கட்டும் என்று டிஸ்அலவும் போட்டால், நோஇண்டெக்ஸ் படிக்கப்படாமலே கிடக்கும். ஆகவே டிஸ்அலவ் வரியை எடுத்துவிட்டு, கூகுள் மறுபடி வந்து படிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரமென்றால், தளம் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் நீக்கக் கோரலாம். அது சுமார் 6 மாதம்தான் தாங்கும். நிஜமாகவே சம்பளப் பட்டியல் என்றால் பாஸ்வேர்டு போடுங்கள், வேறு பேச்சே வேண்டாம்.

தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள்கூட, தேடுபொறிகளைத் தவிர்க்கும் தன் டிக் பெட்டியை 2019-இல் வந்த 5.3 பதிப்பில் நோஇண்டெக்ஸுக்கு மாற்றிக்கொண்டது. தளம் கட்டும்போது அதை டிக் செய்பவர்கள், திறப்பு விழா அன்று எடுக்க மறந்துவிடுகிறார்கள். 'எங்கள் தளம் ஏன் கூகுளில் வரவே இல்லை?' என்று யாராவது கேட்டால், முதலில் அந்த டிக்கைப் பாருங்கள்.