சைக்கிள் தடம் எப்படி ஓடையாகிறது?

மதுரைக்குப் பக்கத்து மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருந்தார். அவரும் நண்பர்கள் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிட்டாபட்டியைச் சுற்றியுள்ள வண்டிப்பாதைகளில் மலை சைக்கிள் ஓட்டுகிறார்களாம். போன வாரம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் மறித்து, "ஏப்பா, நீங்க ஓட்டி ஓட்டித்தான் பாதையெல்லாம் அறுத்துக்கிட்டு ஓடையாப் போகுது" என்று சத்தம் போட்டிருக்கிறார். "காற்றடைத்த ரப்பர் டயர் எப்படி சார் மண்ணை அரிக்கும்?" என்பது மாணவரின் கேள்வி.

பெரியவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. மண்ணைத் தூக்கிக்கொண்டு போவது தண்ணீர்தான், டயர் இல்லை. ஆனால் தண்ணீருக்கு வழி போட்டுக் கொடுப்பது டயர்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ராஜாளி, தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் உள்ள இடம். தமிழ்ப் பிராமி கல்வெட்டு உள்ள குன்று. 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரமே திரண்டது. அந்தச் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. அப்படிக் காப்பாற்றிய மண், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்மாய்க்குள் இறங்குவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம் மலைகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. யானைமலையானாலும் அரிட்டாபட்டியின் குன்றுகளானாலும், மேலே பெரும்பகுதி வெறும் பாறை. பாறை தண்ணீரைக் குடிக்காது. பெய்த மழை அப்படியே வழிந்து, அடிவாரத்துச் செம்மண்ணில் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. நம் வண்டிப்பாதைகள் ஓடுவதும் அந்த அடிவாரத்தில்தான்.

கோடை மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் போனால் பாதையோரம் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். ஆவாரஞ்செடிகளுக்கு இடையில் வெறும் மண்ணாகக் கிடக்கும் இடத்தில், புளியங்கொட்டை அளவு சரளைக்கல் ஒன்று, விரற்கடை உயரமுள்ள மண்தூணின் தலையில் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் அப்படியே பத்து இருபது. மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகம் வரை விழுந்து மண்ணைச் சிதறடிக்கிறது. கல்லுக்கு அடியில் இருந்த மண் மட்டும் தப்பிக்கிறது. அந்தத் தூணின் உயரம்தான் அங்கே போன மண்ணின் கணக்கு. முதல்முறை இதைப் பார்த்தபோது அரைமணி நேரம் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, சிதறிய மண்ணை யார் இழுத்துக்கொண்டு போவது? ஓடும் நீர். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த கணக்கு வருகிறது.

ஓடையின் தரையில் ஒரு கல் கிடக்கிறது. தண்ணீர் அதைத் தள்ளுகிறது. தள்ளும் விசை, நீரின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. அப்படி வேகம் இரட்டித்த நீர் எவ்வளவு பெரிய கல்லை நகர்த்தும்? கல்லின் அகலத்தை நாலு மடங்காக்குங்கள். தண்ணீர் மோதும் முகம் பதினாறு மடங்காகிறது, விசையும் நாலு மடங்கு, ஆக மொத்தத் தள்ளல் 64 மடங்கு. கல்லின் எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பெருகி, நாலு நாலு பதினாறு, பதினாறு நாலு அறுபத்துநாலு. இரண்டும் சரிக்குச் சரி! வேகம் இரண்டே மடங்கு கூடினால், 64 மடங்கு எடையுள்ள கல் உருளத் தொடங்குகிறது. வேகத்தின் ஆறாம் அடுக்கு. காட்டாற்று வெள்ளம் வடிந்தபின் ஆள் உயரப் பாறை நடுவழியில் கிடப்பதைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று திகைக்கிறோமே, அதற்குப் பதில் இந்த ஆறில் இருக்கிறது.

இப்போது சைக்கிளைக் கொண்டுவாருங்கள். மனிதக் காலடி குழி குழியாக விழும்; சக்கரம் கோடு போடும். ஒவ்வொரு காலடிக் குழியும் தன் தண்ணீரைத் தானே வைத்துக்கொள்கிறது. ஈரமண்ணில் விழுந்த சக்கரத் தடம் அறுபடாமல் மேலிருந்து கீழே வருகிறது. பின் பிரேக்கை இறுக்கிச் சறுக்கிக்கொண்டு இறங்கினால் இன்னும் மோசம், மேல்மண்ணே உரிந்துவிடும். அந்தத் தடத்தின் அடிமண் இறுகிவிடுவதால் தண்ணீர் உள்ளே இறங்குவதும் குறைகிறது.

ஒரு மீட்டர் அகலப் பாதையில் பரவி ஓடிய நீர் முழுவதும் பத்து சென்டிமீட்டர் தடத்துக்குள் ஒதுங்குகிறது என்று வையுங்கள். ஆழம் கூடுகிறது, தரையின் உரசல் குறைகிறது, வேகம் தோராயமாக இரண்டரை மடங்கு. இரண்டரையின் ஆறாம் அடுக்கு எவ்வளவு? ஏறக்குறைய 244! அதுவரை மணலை மட்டும் உருட்டிய தண்ணீர், சரளையைக் கிளப்பத் தொடங்குகிறது. தடம் ஆழமாகிறது, ஆழமானதால் வேகம் கூடுகிறது, வேகம் கூடியதால் மறுபடி ஆழமாகிறது. மாட்டுவண்டித் தடம் ஓடையானதும் இப்படித்தான்.

சைக்கிளை மட்டும் குற்றவாளியாக்குவதும் நியாயமில்லை. அமெரிக்காவின் மொன்டானா மலைப்பாதைகளில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலை சைக்கிள் ஆகிய நான்கையும் ஒப்பிட்ட ஆய்வு 1994இல் வெளியானது. சக்கரங்களைவிடப் பாதங்களும் குளம்புகளும்தான் அதிக மண்ணைப் பெயர்த்திருந்தன, அதுவும் நனைந்த பாதையில் கூடுதலாக. ஆட்டு மந்தைக்கும் இதில் பங்கு இருக்கும் என்பதைப் பெரியவரிடம் பணிவாகச் சொல்லலாம்.

அப்புறம், பாதையை எப்படிப் போடுவது? மலை சைக்கிள் பாதை அமைப்பவர்களின் முதல் விதி, பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது. மீறினால் தண்ணீருக்குப் பாதையே இறங்குவழியாகிவிடும். இரண்டாவது, பாதையின் பள்ளத்துப்பக்க விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி வைப்பது, மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் போல. தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்து போய்விடும். மூன்றாவது, இறங்கும் பாதையை அங்கங்கே லேசாக ஏறவிட்டு மறுபடி இறக்குவது. ஏற்றத்தைத் தாண்ட முடியாத நீர் அந்தத் தாழ்விலேயே வெளியேறிவிடும். சைக்கிள் ஓட்டுபவருக்கோ அந்த அலைதான் சுகமே! வரப்பில் வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பிய யாருக்கும் இது புதிதில்லை. எந்த இடத்தில் திருப்ப வேண்டும் என்று அந்தப் பெரியவரைக் கேளுங்கள். ஊராட்சியையும் வனத்துறையையும் கேட்காமல் மட்டும் மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

ஆராய்ச்சி நிதி என்றால் கோடி ரூபாய்க் கருவிதான் என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாதை எவ்வளவு மண்ணை இழக்கிறது என்று அளக்க இரண்டு முளை, ஒரு கயிறு, ஓர் அளவுகோல் போதும். பாதையின் இருபுறமும் அசையாத முளை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை கயிற்றிலிருந்து தரை எவ்வளவு கீழே என்று குறித்துவைக்க வேண்டும். மழைக்காலம் முடிந்து அதே இடத்தில் மறுபடி அளந்தால் போன மண் கணக்கில் வந்துவிடும். சைக்கிள் போகும் பாதையில் ஐந்து இடம், ஆடு மட்டும் போகும் பாதையில் ஐந்து இடம் என்று நாலைந்து வருடம் அளக்க ஒரு துறைக்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணம்தான். இதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்பதில் எனக்குக் கூச்சமே இல்லை.

தம்பி, மழை பெய்த மறுநாள் ஓட்டாதீர்கள். டயர் அச்சு மண்ணில் அழுந்தி விழுந்தால் சைக்கிளைத் திருப்பிவிடுங்கள். தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போய்ப் பாதையை அகலமாக்க வேண்டாம். முளைகளை ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் அடித்துவிடுங்கள், தை பிறந்ததும் அளந்து எனக்கு எழுதுங்கள்.