முழங்காலை விரிப்பதா, சேர்ப்பதா?

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஏனுங்க, கர்ப்பிணிகளுக்கு யோகா சொல்லித்தர்ற ஆசிரியர் பயிற்சியில சேர்ந்திருக்கறனுங்க. எங்க ஆசிரியை எப்பவும் முழங்காலை நல்லா விரிச்சு உட்காரச் சொல்றாங்க, அப்பத்தான் இடுப்பு திறக்குமாம். ஒரு நாள் பாடம் எடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, குழந்தை வெளிய வர்ற நேரத்துல முழங்காலை உள்ள சேர்க்கோணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எதையுங்க நம்பறது?"

இரண்டு பேரையும் நம்பலாம். குழந்தையின் தலை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தப் பயிற்சியின் மற்ற விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாந்து படுத்துச் சவாசனம் செய்யக் கூடாது. காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் பெரிய சிரையைக் கருப்பை அமுக்கும், தலை சுற்றும். மூச்சை அடக்குவது, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி இரண்டும் வேண்டாம். இவற்றை எந்த வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். இடுப்புக்கூட்டின் வடிவத்தைத்தான் அவசர அவசரமாகக் கடந்துபோகிறார்கள். எனக்கோ உடம்பிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இடுப்பு எலும்பை நாம் ஒரு வளையம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வளைந்த ஒரு குழாய், அதுவும் மேலும் கீழும் ஒரே வடிவம் இல்லாத குழாய். மேல்வாசல் பக்கவாட்டில் அகலம்: பாடநூல் கணக்கில் குறுக்கே சுமார் 13 செ.மீ., முன்பின்னாக 11. நடுவில் ஏறக்குறைய வட்டம். கீழ்வாசலில் கணக்கு தலைகீழ்: குறுக்கே 11, முன்பின்னாக 13. குழந்தையின் தலையோ முன்பின்னாக நீளமானது. ஆகவே அது தாயின் இடுப்பைப் பார்த்தபடி பக்கவாட்டில் நுழைந்து, உள்ளே இறங்கும்போதே கால்வட்டம் திரும்பி, தாயின் முதுகைப் பார்த்தபடி வெளியே வருகிறது. குறுகலான வாசல் வழியே கயிற்றுக் கட்டிலைச் சாய்த்துத் திருப்பி வெளியே எடுப்பார்களே, அந்த வேலை. தலை வந்த பிறகு தோள்களும் அதே கால்வட்டத்தைப் போட்டாக வேண்டும்.

திருப்புவது யார்? இடுப்பின் அடியில் இருக்கும் தசைத்தளம். அது சமதளமாக இல்லை. இரண்டு பக்கமும் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, முன்பக்கமாகச் சரிகிறது. முதலில் அதன்மேல் வந்து முட்டும் பிடரி அந்தச் சரிவின் வழியே முன்னால் வழுக்குகிறது. வருவதற்குள் குழந்தை இன்னொரு காரியமும் செய்திருக்கும்: தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ளும். நிமிர்ந்த தலை வாசலில் காட்டும் நீளம் 11.5 செ.மீ.; குனிந்த தலை காட்டுவது 9.5. இரண்டு சென்டிமீட்டர் மிச்சம், வெறும் ஒரு தலையசைப்பில்!

இப்போது முழங்காலுக்கு வருவோம். கடினமான பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கைகளைப் பிட்டத்துக்கு அடியில் வையுங்கள். இரண்டு எலும்புகள் கையில் குத்தும். முழங்கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு, பாதங்களை மட்டும் வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். குத்தும் எலும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது கையிலேயே தெரியும். முழங்கால்களை விரித்துப் பாதங்களைச் சேர்த்தால் அவை நெருங்கும். தொடையெலும்பு உள்பக்கம் திரும்பும்போது இடுப்பின் பின்னால் இருக்கும் தசைகளும் தசைநார்களும் இழுபட்டு, உட்காரும் எலும்பை வெளியே இழுக்கின்றன. இடுப்பின் ஒவ்வொரு பக்கமும் ஒரே எலும்பு என்பதால் கீழே விலகினால் மேலே நெருங்கும். ஒரே அசைவில் இரண்டு வாசலையும் அகலப்படுத்த முடியாது.

ஆகவே தலை இன்னும் மேல்வாசலில் நிற்கும்போது முழங்காலை விரிப்பது உதவும். தலை இறங்கிக் கீழ்வாசலுக்கு வந்தபின் சேர்ப்பது உதவும். ஆசிரியை முதல் பாதியைச் சொல்கிறார், பிசியோதெரபிஸ்ட் இரண்டாம் பாதியைச் சொல்கிறார். 2014-இல் வெளியான ஒரு எம்ஆர்ஐ ஆய்வில் 50 கர்ப்பிணிகளையும் கர்ப்பமில்லாத 50 பெண்களையும் மல்லாந்த நிலையிலும் மண்டியிட்டுக் குந்திய நிலையிலும் படமெடுத்து அளந்தார்கள். குந்தும்போது நடுப்பகுதியும் கீழ்வாசலும் விரிந்தன. மேல்வாசல் சற்றுக் குறுகியது.

"கடைசி மாதத்தில் ரிலாக்சின் ஹார்மோன் பொங்கி எலும்பெல்லாம் இளகிவிடும்" என்று வகுப்புகளில் சொல்கிறார்கள். அந்த ஹார்மோனை 1926-இல் ஃபிரடெரிக் ஹிசா என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது கினிப்பன்றிகளிடம். அவற்றின் இடுப்பு மூட்டு உண்மையிலேயே வாய் பிளக்கும். மனிதர்களுக்கு இடுப்பின் முன்பக்க மூட்டின் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுகிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் ரிலாக்சின் உச்சம் தொடுவதும் மூன்றாம் மாதவாக்கில்.

இன்னொரு நம்பிக்கை: அந்தக் காலத்தில் அம்மாயிகள் ஆட்டுக்கல்லில் குந்தி மாவாட்டினார்கள், அதனால் எல்லாம் சுகப்பிரசவம். செத்துப்போனவர்கள் கதை சொல்ல வருவதில்லையே. தமிழ்நாட்டில் 2018–20 கணக்குப்படி 1 லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்த எண் இவ்வளவு இறங்கியதற்குக் காரணம் ரத்த வங்கியும் ஆம்புலன்ஸும் சிசேரியனும்தான். சிசேரியன் மிஞ்சிப்போயிருக்கிறது என்பதும் மெய். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்குக் குழந்தையை எடுப்பதும் நம் ஊர்களில் நடக்கிறது. கர்ப்பிணிக்குப் போடும் கட்டுச்சோறு விருந்து எனக்குப் பிடிக்கும். ஆனால் கிரகத்துக்காக வயிற்றைக் கிழிப்பதை எந்தச் சம்பிரதாயத்திலும் சேர்க்க மாட்டேன்.

அதேபோல, யோகா செய்தால் சிசேரியனே வராது என்று நோட்டீஸ் அடிப்பவர்களையும் நம்ப வேண்டாம். கர்ப்பகால யோகா பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பிரசவ வலியின் முதல் கட்டத்தில் எழுந்து நடமாடினால் அந்தக் கட்டம் சராசரியாக ஒரு மணி 22 நிமிடம் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. இதற்குச் சம்ஸ்கிருதப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. யோகா தினமான ஜூன் 21-ஆம் தேதி மைதானம் மைதானமாகப் பாய் விரிக்கும் செலவில் ஒரு துளியை எடுத்து, ஈரோட்டிலோ கோவையிலோ அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் இந்த முழங்கால் விஷயத்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம். மருந்துக் கம்பெனி எதுவும் இதற்குப் பணம் போடாது, விற்பதற்கு ஒன்றுமில்லை.

வாசகிக்கு: கர்ப்பகால யோகா ஆசிரியருக்கு யோகா அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு கேட்பது 85 மணி நேரப் பயிற்சி. அதில் ஒரு பிற்பகலாவது பிளாஸ்டிக் இடுப்புக்கூட்டையும் ஒரு பொம்மையையும் கையில் வாங்கி, தலையைத் திருப்பித் திருப்பி இறக்கிப் பாருங்கள். நஞ்சுக்கொடி கருப்பையில் கீழே இருப்பவர்களையும் கருப்பை வாயில் தையல் போட்டவர்களையும் டாக்டர் சொல்லாமல் மலாசனத்தில், அதாவது முழுக்கக் குந்திய நிலையில், உட்கார வைக்காதீர்கள். முன்பக்க மூட்டில் வலி உள்ளவர்களுக்குக் காலை அகட்டும் ஆசனமே வேண்டாம்.

டிரிப் ஏற்றிக் கட்டிலோடு படுத்திருப்பவருக்கும் வழி உண்டு. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையணையை முழங்கால்களுக்கு நடுவே வைக்காமல் கணுக்கால்களுக்கு நடுவே வையுங்கள். மேல்காலின் பாதம் முழங்காலைவிட உயர்ந்தால் தொடை உள்பக்கம் திரும்பும், கீழ்வாசல் விலகும். அரசு ஆஸ்பத்திரியில் தலையணை கிடைக்காவிட்டால் சேலையை மடித்துச் சுருட்டி வைத்தாலும் போதுமுங்க.