காலி டேங்க் காலி இல்லை

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், அப்பா ஓட்டிய டாட்டா 1210 லாரியை விற்க மனசு வராமல் இன்னும் அதில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருக்கிறார். டெல்கோ, அதாவது இன்றைய டாட்டா மோட்டார்ஸ், 1954-ல் பென்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது, 1969-ல் அந்த உறவு முடிந்து முகப்பிலிருந்த பென்ஸ் நட்சத்திரச் சின்னமும் போய்விட்டது. ஆனாலும் எங்கள் பட்டறையில் வயசானவர்களுக்கு அந்த மூக்கு வச்ச வண்டியெல்லாம் இன்னும் பென்ஸ் லாரிதான்.

போன சித்திரையில் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார். பின்னால் காயலான் கடையில் வாங்கிய பழைய டீசல் டேங்க் ஒன்று கிடந்தது. "அண்ணே, இதை நெட்டுவாக்குல வெட்டி, கீல் வச்சு, டூல்ஸ் பெட்டியா பண்ணிக் குடுங்க. வீடியோவுல பார்த்தேன், அம்சமா இருக்கு."

"உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே, காலி. ரெண்டு வருஷமா வெயில்லயே கிடந்ததாம்."

மூடியைத் திருகினதுமே டீசல் வாடை. செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. இருபத்தைந்து வருஷமாக வெல்டிங் வைக்கிற ஆள் ஒரு தகர டேங்க்கை வெட்டப் பயப்படுகிறாரே என்று நினைத்திருப்பார். ஆமாம், பயம்தான்.

டேங்க் நிறைய டீசல் இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலியாக இருக்கிற டேங்க்கில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். வெடிப்பது அந்தக் கலவைதான். வெயிலில் காய்ந்துவிட்டது என்பது வெளித்தகரத்துக்குச் சரி. உள்ளே மடிப்பிலும், தடுப்புத் தகட்டுக்குப் பின்னாலும், துரு ஏட்டுக்கு அடியிலும் பிசுக்கு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நம் நாட்டு டீசலுக்கு, தீப்பற்றுகிற அளவு ஆவி கிளம்பும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று தரம் வைத்திருக்கிறார்கள். மதுரையில் சித்திரை வெயிலே அதைத் தாண்டிவிடுகிறது, இதில் நாம் கேஸ் கட்டரை வேறு வைத்தால் என்ன ஆகும்? கிரைண்டர் வைத்து வெட்டினால் பரவாயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பொறி பறக்கிறதா இல்லையா? அப்புறம் என்ன பரவாயில்லை. பெட்ரோல் டேங்க் என்றால் பேச்சே வேண்டாம், அது குளிரிலேயே ஆவி விடும்.

சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்குவது, சைலன்சர் புகையை உள்ளே விட்டு நிரப்புவது என்று பட்டறைக்குப் பட்டறை ஒரு வைத்தியம் இருக்கிறது. பத்து தடவை ஒன்றும் ஆகாது, அதனாலேயே பதினோராவது தடவை கை கூசாது. நீராவி விட்டுக் கழுவி, உள்ளே ஆவி இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கிற வசதி உள்ள இடத்தில் செய்யட்டும். என்னிடம் அந்த மீட்டர் கிடையாது. கெமிக்கல் வந்த பேரலையும் நான் இதனால்தான் தொடுவதில்லை.

சம்பந்தம் பேசும்போது பூர்வீகம் விசாரிக்கிறோம் இல்லையா, பழைய சாமானுக்கும் அதைச் செய்யுங்கள் என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இதற்கு முன்னால் இது எங்கே இருந்தது, உள்ளே என்ன இருந்தது?

அதே வண்டியில் உபயோகமில்லாமல் ஒரு பேட்டரிப் பெட்டி தொங்கியது. நல்ல கனத் தகடு, மூடியும் கொண்டியும் சரியாக இருந்தன. டேங்க்குக்குப் பதில் அதையே டூல்ஸ் பெட்டி ஆக்கலாம் என்றேன். ஆனால் அதுவும் ஆசிட் குடித்த பெட்டி. மூலையில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பொடி பூத்திருந்தது, அதை வெறுங்கையால் சுரண்டக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். புஸ்ஸென்று நுரைத்தது. நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றினோம். மூன்றாவது தடவை நுரை வரவில்லை, ஆசிட் தீர்ந்தது என்று அர்த்தம். நன்றாகக் கழுவிக் காயவைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, அடியில் பழைய டயர் டியூபை வெட்டி விரித்தோம். ஸ்பேனர் சத்தம் போடாது. சோற்று வாளி, தண்ணீர் பாட்டில் இதெல்லாம் அதில் வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன், ஈயம் புழங்கின இடம் அது.

அதை மாட்டும்போதுதான் என் பழைய தப்பு ஒன்று ஞாபகம் வந்தது. ஆரம்ப காலத்தில், கழித்துப் போட்ட பட்டாத் தகட்டில் (சக்கரத்துக்கு மேலே அடுக்கி வைக்கிற ஸ்பிரிங் தகடு) பிராக்கெட் வெட்டி வெல்டிங் வைத்துப் பெட்டியைத் தொங்கவிட்டேன். ஸ்பிரிங் இரும்பு ஆயிற்றே, சாகாது என்று நினைப்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த இரும்பு கண்ணாடி மாதிரி பட்டென்று உடைகிறதாக ஆகிவிடும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. திருமங்கலம் தாண்டுவதற்குள் பெட்டி ஜாக்கியோடு ரோட்டில் விழுந்தது. பின்னால் பைக் எதுவும் வராதது யார் செய்த புண்ணியமோ.

இப்போது சாதா ஆங்கிள்தான், அதையும் போல்ட் போட்டுத்தான் மாட்டுகிறேன். சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடவே கூடாது, பாரம் தாங்குவதே அந்த விளிம்புகள்தான். அந்த இரண்டு விளிம்புக்கும் நடுவே செங்குத்தாக நிற்கிற பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டை கிடைத்தால் நல்லது. வண்டியில் வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வையுங்கள், இல்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் போய்விடும்.

கேபினுக்குள் இன்னும் கவனம். டிரைவர் காலடிப் பக்கம் திறந்த டப்பாவே ஆகாது. உருண்டு வந்த பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் எவ்வளவு மிதித்தாலும் இறங்காது. பழைய பிரேக் டிரம்மைச் சாமான் வைக்க எடுக்கிறவர்களும் உண்டு. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அதனால் ஏர் அடித்துத் தூசி தட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். அப்புறம், எட்டு வருஷம் தாண்டின லாரிக்கு வருஷா வருஷம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று சோதனை, உண்டு. பெட்டி வெளியே நீட்டிக்கொண்டு லைட்டையோ நம்பர் பிளேட்டையோ மறைத்தால் அங்கே பதில் சொல்ல வேண்டியது ஓனர்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பழைய ஆயில் பாத் ஏர் ஃபில்டரின் (இன்ஜினுக்குப் போகிற காற்றின் தூசியை ஆயிலில் பிடிக்கிற ஃபில்டர்) அடிச்சட்டி. ஆயிலைக் கொட்டி, டீசலில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், வெட்டவும் வேண்டாம் ஒட்டவும் வேண்டாம். கிளிப் போட்டால் மூடி கப்பென்று உட்காரும், நட்டு போல்ட்டு வைக்க அதைவிட நல்ல டப்பா நான் பார்த்ததில்லை. தம்பிக்கு அப்படி ஒன்று கொடுத்தனுப்பினேன். டேங்க்கை எடை போட்டுக் காயலான் கடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டார், வாங்கின விலையில் பாதிதான் கிடைத்ததாம்.