பாலிக் பூலாவ்வில் வீடு: காட்சிக்கு முன்னால் கெரானைப் பாருங்கள்

பினாங்கில் ஜார்ஜ்டவுன் நெரிசலில் அலுத்துப்போனவர்களை அதே தீவின் கிராமப்புறமான பாலிக் பூலாவ் உடனே இழுத்துவிடும். டுரியான் தோப்பு, வயல்வெளி, மாலைக்காற்று. ஆனால் இருபது வருடம் கழித்து அதே வீட்டை விற்கப் போகும்போது, வாங்க வருபவரின் வங்கி முதலில் கேட்பது கெரானை, அதாவது நில உரிமைப் பத்திரத்தைத்தான்.

விற்பவர் காட்டும் நகலை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். அந்த நகல் எடுத்த பிறகு நிலத்தின் மேல் கேவியட், அதாவது கைமாற்றத்தைத் தடுக்கும் ஆட்சேபப் பதிவு, விழுந்திருக்கலாம். நில அலுவலகத்தில் புதிதாகத் தேடல் எடுத்து, நிலப் பயன்பாட்டு வகை ‘பங்ஙுனான்’ (கட்டடம்) என்றிருக்கிறதா, ‘பெர்த்தானியான்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். பின்னது விவசாய நிலம். வகை மாற்ற மாநில அரசுக்கு விண்ணப்பித்து பிரீமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டும். அனுமதி கிடைத்தே தீரும் என்றில்லை. இதைவிட ஆபத்து, தோப்பைத் துண்டு போட்டு ‘லாட்’ என்று விற்பது. தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் கீழே பிரிக்க முடியாது. அப்படியிருக்க 5,000 சதுர அடிக்குத் தனிக் கெரான் எங்கிருந்து வரும்? பலர் பெயர் போட்ட ஒரே கெரானில் ஒரு பங்குதான் கையில் மிஞ்சும். அதற்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது, வாங்க ஆளும் அரிது.

குத்தகை நிலமென்றால் மீதி வருடங்களை எண்ணுங்கள். இன்று 60 என்றால், இருபது வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது 40. அடுத்தவர் 35 வருடக் கடன் கேட்டால், கடன் முடியும் நேரத்தில் குத்தகையும் ஏறக்குறைய முடிந்திருக்கும். வங்கி தயங்குவதில் ஆச்சரியமில்லை.

மலையோர வீட்டுக்குக் கூடுதல் கவனம் தேவை. பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள இடமும், 25 பாகைக்கு மேல் சரிவுள்ள இடமும் மலைநிலமாகக் கருதப்படும். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் சரிந்த மண் 11 தொழிலாளர்களைப் பலிகொண்டதை யாரும் மறந்துவிடக் கூடாது. கனமழை பெய்த மறுநாள் காலை போய், தடுப்புச் சுவரில் பதித்திருக்கும் பிவிசி குழாய்களைப் பாருங்கள். தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கலங்கிய நீர் வந்தால் சுவருக்குப் பின்னால் மண் கரைகிறது. பின்பக்க மண் ஊறிக் கிடக்கும்போதும் குழாய் காய்ந்திருந்தால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தேங்கிய நீரின் அழுத்தம் முழுவதும் சுவர் மேல் விழும். தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். சரிவின் மேல் ஓடும் காங்கிரீட் கால்வாயில் விரிசல் இருந்தால் மழைநீர் நேரே மண்ணுக்குள் இறங்கும். இதில் ஒன்று தென்பட்டாலும் நிலத்தொழில்நுட்பப் பொறியாளரின் அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் சாலை. வேலைநாளில் காலை 7 மணிக்கு துன் சார்டோன் சாலை வழியாக தொழிற்பேட்டை இருக்கும் பாயான் லெப்பாஸ் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 2017 நவம்பர் மழையில் அந்த மலைச்சாலையும் நிலச்சரிவில் சேதமடைந்தது.

விலைக்கு விளம்பரத்தை நம்ப வேண்டாம். பக்கத்தில் கைமாறிய வீடுகளின் உண்மை விலையைப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள். முன்பணம் கட்டும் கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கெரான் தேடலிலோ பொறியாளர் அறிக்கையிலோ குறை தெரிந்தால் பணம் முழுவதும் திரும்ப வேண்டும்.