பேச்சு வானொலி எஃப்.எம்.முக்குப் போவது ஒலித் தரத்துக்காக மட்டும் அல்ல

அமெரிக்காவில் வானொலி நிலையங்களின் ஏ.எம்., எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களை, அதாவது ஒலிபரப்பும் கருவிகளைப் பராமரிப்பதுதான் என் வேலை. "பாட்டு போடும் நிலையம் ஏ.எம்.மை விட்டு எஃப்.எம்.முக்குப் போனால் புரிகிறது. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கு எஃப்.எம். எதற்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மனிதக் குரலுக்கு ஏ.எம். தரும் ஒலியே போதும். அப்படியும் ஒவ்வொருவராகப் போகிறார்கள் என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஏ.எம்.மில் பேச்சு குடியேறியதே இசை காலி செய்த இடத்தில்தான். 1961இல் எஃப்.எம். ஸ்டீரியோ வந்தது. எழுபதுகளின் முடிவில் எஃப்.எம். நேயர் எண்ணிக்கையில் ஏ.எம்.மை முந்தியது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தரவேண்டும் என்ற விதியை, ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. 1987இல் கைவிட்டது. அடுத்த ஆண்டே வலதுசாரி அரசியல் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போகத் தொடங்கியது. ஏ.எம். நிலையங்கள் பல அந்தப் பேச்சால்தான் பிழைத்தன.

இப்போது பேச்சும் கிளம்புகிறது. முதல் காரணம் இரைச்சல். ஏ.எம்.மில் ஒலி, அலையின் உயரத்தில் ஏறிப் பயணிக்கிறது. மின் இரைச்சலும் அதே உயரத்தைத்தான் கலைக்கிறது. எது குரல், எது குப்பை என்று ரேடியோவால் பிரிக்க முடியாது. எஃப்.எம்.மில் ஒலி அலைவெண்ணின் மாற்றத்தில் இருக்கிறது. உயரத்தில் ஏறும் குப்பையை ரேடியோவே வெட்டி எறிந்துவிடும். ஒரு சின்ன ரேடியோவில் ஏ.எம். நிலையத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். ஜன்னலோரம் தெளிவாக வரும் குரல், செல்போன் சார்ஜர் பக்கம் போனதும் கரகரக்கும். மலிவான எல்.இ.டி. விளக்குக்குக் கீழே மூழ்கியே போகும். நிலையம் 50 கிலோவாட் கொடுத்தாலும் உங்கள் மேஜை மேல் இருக்கும் சார்ஜரை அது ஜெயிப்பது சந்தேகம்தான்.

இரண்டாவது காரணத்தை வெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பகலில் ஏ.எம். ஒலிபரப்பாகும் மத்திய அலை தரையை ஒட்டித்தான் போகும். இருட்டியதும் வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் ஓடி, அதே அலைவெண்ணில் இருக்கும் இன்னொரு ஊர் நிலையத்தின் மேல் விழும். அதனால் சூரியன் மறையும்போது பல நிலையங்கள் சக்தியைக் குறைத்தாக வேண்டும். பகலில் 5,000 வாட், இரவில் சில நூறு அல்லது அதற்கும் கீழே என்ற உரிமங்கள் உண்டு. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஜனம் காரில் வீடு திரும்பும், விளம்பரத்துக்கு நல்ல காசு கிடைக்கும் அந்த நேரத்தில் சிக்னல் சுருங்குகிறது. எஃப்.எம்.முக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் நிலம். ஏ.எம்.மில் கோபுரமே ஆன்டெனா. 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்குக் கால் அலைநீளம் 75 மீட்டர். கோபுரத்தின் அடியிலிருந்து அதே நீளத்துக்கு 120 செம்புக் கம்பிகள் எல்லாத் திசையிலும் மண்ணுக்குள் ஓட வேண்டும். பல நிலையங்களுக்கு ஒரு கோபுரம் போதாது. மூன்று, நான்கு, ஆறுகூட உண்டு. ஊர் வளர வளர அந்த வயல் மனைநிலமாகிறது. வாஷிங்டனை அடுத்த பெத்தெஸ்டாவில் டபிள்யூ.எம்.ஏ.எல். நிலையத்தின் 75 ஏக்கர் வீடு கட்ட விற்கப்பட்டு, கோபுரங்கள் 2020 நவம்பரில் வெடிவைத்துச் சாய்க்கப்பட்டன. அதன் பேச்சு நிகழ்ச்சிகள் அதற்கு முன்பே எஃப்.எம்.முக்குப் போய்விட்டன.

2005இல் சால்ட் லேக் சிட்டியின் கே.எஸ்.எல். நிலையம் எஃப்.எம்.மிலும் ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் வாஷிங்டனின் செய்தி நிலையம் டபிள்யூ.டி.ஓ.பி. 1500 ஏ.எம்.மை விட்டு 103.5 எஃப்.எம்.முக்கு மாறியது. 2022இல் நியூயார்க்கின் ஏ.எம். செய்தி நிலையம் டென் டென் வின்ஸ் 92.3 எஃப்.எம்.மையும் சேர்த்துக்கொண்டது. அத்தனை பெரிய முதலீடு இல்லாதவர்கள் எடுக்கும் வழி டிரான்ஸ்லேட்டர்: அதிகபட்சம் 250 வாட்டில் ஏ.எம். நிகழ்ச்சியை அப்படியே எஃப்.எம்.மில் திருப்பி ஒலிக்கும் சின்ன டிரான்ஸ்மிட்டர். 2009இல் எஃப்.சி.சி. இதற்கு வழி திறந்தது.

இங்கேதான் எனக்குக் கவலை. டிரான்ஸ்லேட்டருக்குத் தனி வாழ்வு கிடையாது. தாய் நிலையம் ஓய்ந்தால் அதுவும் ஓய வேண்டும். பெரிய எஃப்.எம். நிலையம் ஒன்று இடைஞ்சல் என்று நிரூபித்தால் இதுதான் விலக வேண்டும். ஆனால் கையில் எஃப்.எம். வந்ததும் ஏ.எம். பக்கம் செலவு செய்ய முதலாளிக்கு மனம் வருவதில்லை. செம்பைத் திருடர்கள் தோண்டிக்கொண்டு போனாலும் மறுபடி புதைக்க இழுத்தடிக்கிறார்கள்.

மாறுவதில் தப்பில்லை, நானே அதற்கு வேலை செய்கிறேன். பழைய டிரான்ஸ்மிட்டரை அணைப்பதைத்தான் எதிர்க்கிறேன். கூட்டாட்சி அவசரநிலை அமைப்பான ஃபீமா, பேரிடரிலும் ஒலிக்கவேண்டும் என்று 77 நிலையங்களுக்கு ஜெனரேட்டர், எரிபொருளெல்லாம் கொடுத்துத் தயாராக வைத்திருக்கிறது. நாட்டின் 90 சதவீதத்துக்கும் மேலான மக்களை அவை எட்டும். அவற்றில் பெரும்பாலானவை ஏ.எம். 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது செல்போன் கோபுரங்கள் விழுந்த பிறகும் 870 ஏ.எம்.மில் டபிள்யூ.டபிள்யூ.எல். பேசிக்கொண்டிருந்தது.

மின்சாரக் கார்களில் மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரின் இரைச்சலைச் சொல்லிச் சில நிறுவனங்கள் ஏ.எம்.மை நீக்கின. ஃபோர்டும் நீக்குவதாக இருந்து, எதிர்ப்புக்குப் பின் 2023 மே மாதம் பின்வாங்கியது. எல்லாக் காரிலும் ஏ.எம். கட்டாயம் என்ற மசோதாவும் அதே மாதம் காங்கிரசுக்கு வந்தது. புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஏ.எம். இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் பேட்டரியில் ஓடும் ஏ.எம். ரேடியோ ஒன்று இருக்கட்டும். மின்சாரம் இருக்கும் சாதாரண நாளிலேயே, பகலில் ஒரு தடவை, இருட்டிய பின் ஒரு தடவை, உள்ளூரில் எது கேட்கிறது என்று பாருங்கள். இரைச்சலாக இருந்தால் ரேடியோவை மெல்லத் திருப்புங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு, கால் வட்டம் திரும்பினாலே குரல் மேலே வரலாம். இரண்டு வேளையும் நன்றாகக் கேட்கும் நிலையத்தின் எண்ணை ரேடியோவின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.